கஞ்சியில் கிடந்த ஊரி

பிள்ளை கடித்தபோது கடக்கென்று சத்தம் வந்தது. எனக்கும் கேட்டது. அதன் தாய்க்கும் கேட்டது.

கல் என்றுதான் நினைத்தேன். அரிசியில் கல் வருவது புதிதில்லை. தாய் பிள்ளையின் வாயில் விரலை விட்டு எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கல் இல்லை. நகத்தளவு இருந்தது. ஒரு முனை கூர். திருகாணி மாதிரிச் சுற்றிச் சுற்றிப் போயிருந்தது. வெளுத்த நிறம். வாய்ப் பக்கத்தில் மட்டும் கறுப்பாக ஏதோ அடைத்திருந்தது.

"என்னாங்க ஆயம்மா இது?"

"ஊரி. கடலோரத்துல கெடக்கிற நத்தை. உப்புல வந்திருக்கும். தூக்கிப் போடு."

அவள் போடவில்லை. கறுப்பை நகத்தால் சுரண்டினாள். விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள்.

"உள்ளுக்குள்ள செய்வின மை வச்சிருக்கு."

"மை இல்ல தாயி. சேறு."

"கடல் சேறு இங்க எப்பிடிங்க வரும்?"

"உப்பு எங்கிருந்து வருது?"

"எங்க வீட்லயும் அதே உப்புத்தான் போடுறோம். ஒரு நாளும் இப்பிடி ஒண்ணு வந்ததில்லையே."

பால் கொடுக்க வந்திருந்த மற்றத் தாய்மார் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் கஞ்சிக் கோப்பையைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். அந்தத் தாய் ஊரியை முந்தானையில் முடிந்தாள். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள்.

நான் அந்தத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆயா. பெண்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். தகரக் கூரை. வளையில் துணி ஏணைகள் தொங்கும். மூலையில் ஓர் அடுப்பு. நடக்கிற பிள்ளைகளுக்குப் பகலில் நான் கஞ்சி வைப்பேன். அரிசியும் உப்பும் தோட்டத்து ஸ்டோரிலிருந்து வரும்.

பிறந்தது தலைமன்னார். அப்பா துறையில் மூட்டை தூக்கினார். கலியாணம் கட்டி லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தேன். வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. பிறகு மழை நாளில் மலையில் சறுக்கி விழுந்து முட்டி கெட்டது. கூடையோடு ஏற முடியாது. தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாதான் மடுவத்தில் போட்டார். தோட்டத்தில் வேலை இருந்தால்தான் லயத்து வரிசை வீட்டில் குடியிருக்க ஒரு காம்பரா. வேலை போனால் காம்பராவையும் விட வேண்டும். எனக்குப் போக இடம் இல்லை. துறையில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

தோட்டத்து ஆட்களைக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பும் பேச்சு நடந்த காலம் அது. யார் இந்தியாவுக்குப் போகிறார்கள், யார் இங்கேயே இருக்கப் பார்க்கிறார்கள் என்று ஒரு வீடு இன்னொரு வீட்டுக்குச் சொல்லாது. கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். அண்ணன் தம்பிக்குள்ளேயே மறைத்தார்கள். ஒரே பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தோம். கப்பல் ஏறுகிற இடத்தில் பிறந்தவள் என்று என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்கள். 'கடக்கரைக்காரி' என்பது எனக்கு வைத்த பேர். முதலில் அது கேலி. ஊரி வந்த பிறகு கேலி இல்லை.

ஊரியை எனக்கு நன்றாகத் தெரியும். கடல் வற்றும் நேரத்தில் சேற்றில் எங்கே பார்த்தாலும் கிடக்கும். உயிரோடு இருக்கும்போது கறுப்பு. ஊர்ந்து போன தடம் சேற்றில் கோடு கோடாக இருக்கும். வெறுங்காலால் மிதித்தால் குத்தும். தொட்டால் உள்ளே இழுத்துக்கொண்டு மெல்லிய மூடியால் வாயை அடைத்துக்கொள்ளும். உள்ளே ஆள் இருக்கிறதா, வெறுங்கூடா என்று தெரியாது. நகர்ந்தால்கூட நம்ப முடியாது. செத்த ஊரியின் கூட்டுக்குள் பொடி நண்டு புகுந்து அதை இழுத்துக்கொண்டு திரியும். உப்பளத்துப் பாத்திக்குள் அகப்பட்டது செத்து வெளுத்துப்போகும். உப்பை வாரும்போது அதுவும் சேர்ந்து வரும்.

இதையெல்லாம் சொன்னேன். சொன்னதுதான் வினையாயிற்று.

"இவளுக்கு எப்பிடி இவ்வளவு தெரியுது?" என்று கேட்டார்கள்.

அடுத்த நாள் காலை மடுவத்தில் ஏணைகள் சும்மா தொங்கின. வேறு வழியில்லாத இரண்டொரு பேர்தான் பிள்ளைகளை விட்டார்கள். அவர்களும் கஞ்சி கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ரொட்டித் துண்டை முடிந்து வைத்துப் போனார்கள்.

ஊரியை முடிந்துகொண்டு போன தாயும் நானும் அடுத்தடுத்த காம்பரா. அவள் மாமியாரும் அவர்களோடுதான். என்னைவிட மூத்த மனுஷி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வயதாகிக் கொழுந்து எடுக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தாள். அந்த அக்காதான் ஊரியை றொசல்லப் பக்கத்துக் கோடாங்கி ஒருவரிடம் கொண்டுபோனாள். அவர் உடுக்கை அடித்துப் பார்த்து, தண்ணீர் கடந்து வந்த சாமான் என்றாராம். அது யாருக்குத்தான் தெரியாது. ஆனால் அதுவே போதுமாயிருந்தது. மஞ்சள் துணியில் ஊரியை முடிந்து கதவு நிலையில் தொங்கவிட்டார்கள். என் வாசலைப் பார்த்தபடி தொங்கியது.

பீலிக்குக் குடத்தோடு போனேன்.

"கடக்கரைக்காரி வந்துட்டா, கொடத்த மூடுங்கடி" என்றாள் அக்கா.

பெண்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒருத்தி உண்மையாகவே மூடினாள்.

"தண்ணி புடிக்கவாச்சும் விடுவீங்களாக்கா?"

"புடி, புடி. தண்ணிக்குள்ள சங்கு கிங்கு போட்டுறாத."

"சங்கு போட்டா ஊதுறதுக்கு ஆள் வேணுமே. நீங்க ஊதுவீங்களா?"

பகிடியாகத்தான் சொன்னேன். எல்லோரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

"கேட்டீங்களாடி? சாவுச் சங்கு ஊதச் சொல்றா. எவ வீட்டுக்கு ஊதச் சொல்றே? எம் பேரப் புள்ளைக்கா?"

பாதிக் குடத்தோடு திரும்பினேன். அதற்குப் பிறகு பீலியில் நான் வாய் திறப்பதில்லை.

பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு பெண்கள் மலைக்குப் போனார்கள். பிள்ளை மழையில் நனைந்து அழுதது. கங்காணி சத்தம் போட்டார். சிலரைத் திருப்பி அனுப்பினார். திரும்பினால் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளம் இல்லை. பக்கத்துக் காம்பராத் தாயும் அப்படித் திரும்பி வந்தாள். பிள்ளைக்கு வயிறும் போயிற்று. முதுகில் வாங்கிய மழைக்குளிர் என்று நான் நினைத்தேன். ஊரி என்று அவர்கள் நினைத்தார்கள்.

கண்டாக்கையா மடுவத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"என்னா புள்ள, புள்ளைங்களுக்கு மை வைக்கிறியாமே?"

"நான் வைக்கலைங்க ஐயா. ஸ்டோர் உப்புல வந்ததுங்க. மூட்டையக் கிண்டிப் பாத்தாத் தெரிஞ்சிடும்."

"எங்க வீட்டுக்கும் அந்த மூட்டைதான். என் சம்சாரம் ஒண்ணும் சொல்லலையே."

"ஒரு தடவ பாருங்க ஐயா."

ஸ்டோரின் சாவி அவரிடம்தான். திறந்துவிட்டார். உப்பு மூட்டை ஈரத்தில் கசிந்து நின்றது. நான் முழங்கை வரை கையை விட்டேன். உப்புக்கல் விரலைக் கிழித்தது. அடியில் துழாவினேன். கடைசியில் கூர் முனை ஒன்று தட்டுப்பட்டது. வெளியே எடுத்தேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கைய விரி."

விரித்தேன். ஊரி இருந்தது. உப்பு இருந்தது. கொஞ்சம் இரத்தம் இருந்தது.

"இது மூட்டைக்குள்ள இருந்ததா, ஒன் கையிலயே இருந்ததா?"

"மூட்டையிலங்க ஐயா."

"நீ கைய விட்டே. நீயே எடுத்தே. நான் என்னத்தக் கண்டேன்?"

"நீங்களே கைய விட்டுப் பாருங்க ஐயா."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். படித்த மனுஷன்தான். ஆனாலும் மூட்டைக்குள் கையை விடவில்லை.

கதவைப் பூட்டிக்கொண்டே சொன்னார். "இந்த மாசம் முடியட்டும். புள்ளைங்க வரலேன்னா நான் தொரைக்குப் பதில் சொல்ல ஏலாது. வேற ஆளத்தான் போடணும்."

"எனக்கு மலை ஏற முடியாதுங்களே."

"அப்ப காம்பராவ விடு. ஒன் பக்கத்துக் காம்பராக்காரியே இந்த வேலையக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா."

அவர் போய்விட்டார். நான் அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தேன்.

அக்கா என் வேலையைக் கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாமல் கேட்டிருக்கிறாள். அப்படியானால் அந்த ஊரி எப்படி வந்தது? மருமகள்தான் பிள்ளையின் வாயில் விரலை விட்டாள். விரலோடு போனதா, விரலோடு வந்ததா? சத்தம் எனக்குக் கேட்டது. ஆனால் எந்தச் சத்தம்? கல்லைக் கடித்தாலும் அதே சத்தம்தான். கடலோரத்துச் சாமானைப் போட்டால் பழி கடலோரத்துக்காரிக்குத்தான் வரும் என்று யோசித்திருக்கலாம். ஊரி அவர்களுக்கு எங்கே கிடைத்திருக்கும்? ஹட்டன் கடைகளில் எதுதான் கிடைக்காது.

கண்டாக்கையா என்னிடம் கேட்டதையே நான் அவர்களிடம் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். உப்பில் வந்தது என்று எல்லோருக்கும் சொன்ன எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தண்ணீர்க் குடத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். சோற்றுச் சட்டியை மூடி மேலே அம்மிக் குழவியை வைத்தேன். இரண்டு காம்பராவுக்கும் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும். நான் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். அந்தப் பக்கமும் அடிக்கடி பேச்சு நின்றது. அவர்களும் காது கொடுத்தார்கள் போலிருக்கிறது.

ஒரு நாள் காலையில் லயத்துப் பின்பக்கம் கழிவுத்தண்ணீர் ஓடும் காணோரமாக நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தள்ளி ஒருத்தி உப்புச் சட்டியைக் கழுவினாள்.

மலை நாட்டில் உப்பு நிற்காது. பனியிலும் மழையிலும் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் எந்த வீட்டிலும் உப்பைக் கல்லாக வைப்பதில்லை. சட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு வைப்பார்கள். மேலே தெளிந்த தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் கறிக்கு ஊற்றுவார்கள். மண்ணும் தூசியும் அடியில் மண்டியாகத் தங்கும். மண்டி ஏறிவிட்டால் சட்டியைக் கொண்டுவந்து காணில் அலசி ஊற்றுவார்கள். மண்டிக்குள் என்ன இருக்கிறது என்று எவளும் குனிந்து பார்க்க மாட்டாள்.

அவள் அலசி ஊற்றினாள். போனாள். நான் காணைப் பார்த்தேன்.

சேற்றில் வெள்ளையாக ஒன்று கிடந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. குனிந்து விரலால் கிளறினேன். பழைய மண்டி காய்ந்த இடத்தில் நிறைய இருந்தன. சில உடைந்திருந்தன. சில முழுசு. காலம் காலமாக எல்லா வீட்டு ஊரியும் அந்தக் காணில்தான் போயிருக்கிறது.

மடுவத்திலும் நான் உப்பைக் கரைத்துத்தான் வைத்திருப்பேன். அன்றைக்குக் காலையில் தவழ்கிற பிள்ளை ஒன்று சட்டியை இழுத்து உடைத்துவிட்டது. கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஸ்டோர் உப்பைக் கல்லாகவே ஒரு கை அள்ளிப் போட்டேன். வீட்டு உப்பில் ஏன் வரவில்லை என்று அவள் கேட்டாளே, பதில் இதுதான்.

எனக்குள் ஏதோ இறங்கியது. பக்கத்துக் காம்பராவைப் பற்றி நினைத்ததெல்லாம் முழுதாகப் போகவில்லை. ஆனால் கொஞ்சம் இறங்கியது.

சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். அக்காவும் வந்தாள், இன்னும் நாலைந்து பேரும் வந்தார்கள்.

"பாருங்க. ஒங்க ஒங்க சட்டியிலருந்து வந்தது. எல்லா வூட்டுக்குப் பின்னாலயும் கெடக்குது."

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வெதச்சிட்டியா?"

"என்னக்கா?"

"ஒரு வூட்டுக்கு வச்சது பத்தலேன்னு லயம் பூரா வெதச்சிட்டியாங்கிறேன்."

யாரும் குனியவில்லை. யாரும் தொடவில்லை. ஒருத்தி தன் வாசலில் சாணித் தண்ணீர் தெளிக்க ஓடினாள். அன்று மாலைக்குள் காண் முழுக்கச் சாம்பல் போட்டுவிட்டார்கள்.

அப்போது எனக்கு ஒன்று விளங்கியது. நான் காட்டுகிற எதையும் அவர்கள் பார்க்க மாட்டார்கள். என் கை பட்டால் அது நான் வைத்தது. என் வாய் சொன்னால் அது நான் செய்தது. மாசமும் முடிகிறது. நான் தொடாத, நான் நிற்காத இடத்தில்தான் அது வெளியே வர வேண்டும்.

பக்கத்துக் காம்பராத் தாய் அன்றும் மலையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வந்தாள். முதுகில் பிள்ளை தூங்கியது. வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த என்னைக் கண்டதும் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடினாள். அக்கா இன்னும் மலையில்.

நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன்.

"ஒன் வூட்டு உப்புச் சட்டிய நான் தொட்டிருக்கேனா?"

அவள் கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

"ஒன் வூட்டுக்குள்ள நான் எப்பவாச்சும் வந்திருக்கேனா?"

"இல்ல."

"அப்ப நீயே அந்தச் சட்டியக் கவுத்துப் பாரு. நான் வர மாட்டேன். ஒன் மாமியாக்கும் சொல்லாத. எனக்கும் சொல்லாத. பாரு, அவ்வளவுதான்."

"பாத்தா?"

"பாத்தா ஒனக்குத் தெரியும்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அக்கா மலையிலிருந்து வந்தாள். அடுப்பு எரிந்தது. அவள் பார்க்க மாட்டாள் என்று விட்டுவிட்டேன்.

விளக்கு வைக்கும் நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் எந்த வீட்டிலும் உப்பை எடுத்து வெளியே கொடுக்க மாட்டார்கள். சட்டியைக்கூட இடம் மாற்ற மாட்டார்கள். அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் மண்சட்டி தரையில் உரசுவது கேட்டது. தண்ணீரை வேறொரு பாத்திரத்தில் மெதுவாக வடிக்கும் சத்தம். பிறகு எதையோ சுளகில் கொட்டியது போல ஒரு சத்தம். அதோடு கலகலவென்று ஒரு பொடிச் சத்தம்.

பிறகு ஒன்றும் இல்லை.

"என்னடி அங்க பண்றே?" அக்காவின் குரல்.

"ஒண்ணுமில்லங்க அத்தை."

"வெளக்கு வச்சப்பறம் உப்புச் சட்டிய எதுக்கு எடுத்தே?"

"எறும்பு."

"உப்புலயாடி எறும்பு?"

அந்தப் பக்கம் அக்கா எழுந்து நடந்தாள். நின்றாள். அவள் சுளகைப் பார்த்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

காலையில் பேர் பதிகிற பெரட்டு முடிந்து பெண்கள் கூடையோடு மடுவத்தைத் தாண்டிப் போனார்கள். நான் அடுப்பை மூட்டி வைத்துவிட்டு வாசலில் நின்றேன். அவள் கும்பலிலிருந்து விலகி வந்தாள். முதுகுக் கட்டை அவிழ்த்துப் பிள்ளையை என் கையில் கொடுத்தாள். மற்றப் பெண்கள் பாதையில் நின்றுவிட்டார்கள். அக்காவும் நின்றாள்.

கூடைக்குள்ளிருந்து ஒரு போத்தலை எடுத்தாள். வாயில் துணிச்சுருள் அடைத்திருந்தது.

"உப்புத்தண்ணிங்க ஆயம்மா. தெளிய வச்சு வடிகட்டினது. கஞ்சிக்கு இதையே ஊத்துங்க."

ஊரியைக் கண்டேன் என்று சொல்லவில்லை. மன்னிச்சுக்கங்க என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போத்தலை வாங்கினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. அடியில் ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்கு ஆறவில்லை. இத்தனை நாள் அவர்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா வேறு பாதையிலேயே நின்றாள். இன்றைக்கு இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால்?

துணிச்சுருளை எடுத்தேன். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, அவள் முன்னாலேயே நக்கிப் பார்த்தேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. பாதையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"என்னடி, வெசமா வச்சிருக்கோம்?"

"உப்புத்தாங்க அக்கா" என்றேன்.

யாரோ ஒருத்தி பக்கென்று சிரித்துவிட்டாள். பிறகு இன்னொருத்தி. அக்கா சிரிக்கவில்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மலைப்பக்கம் நடந்தாள். மற்றவர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். ஒருத்தி திரும்பி வந்து தன் பிள்ளையை இறக்கிவிட்டாள்.

மஞ்சள் துணி முடிச்சை அவர்கள் அவிழ்க்கவே இல்லை. புகை ஏறிக் கறுத்து, நான் அந்த லயத்தில் இருந்த வரைக்கும் என் வாசலைப் பார்த்தே தொங்கியது. அக்கா அதன் பிறகும் என் வேலையைக் கேட்டாளா என்று நான் கண்டாக்கையாவிடம் விசாரிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் தாய் ஒவ்வொரு நாளும் போத்தலோடு வந்தாள். நான் ஒவ்வொரு நாளும் அவள் கண்முன்னால் நக்கிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அவள் மலைக்குப் போவாள். நான் கஞ்சிக்கு உப்புத்தண்ணீர் ஊற்றுவேன்.